சேற்றைத் தாண்டி வந்த தெங்கிரி

தெங்கிரியின் வாழ்க்கை ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய முட்டையில் தொடங்குகிறது. முட்டைக்குள் ஒரு துளி எண்ணெய் இருக்கும். அதன் புண்ணியத்தில் முட்டை மூழ்காமல் மிதக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரில் ஏறத்தாழ ஒரே நாளில் பொரிந்துவிடும். வாய் திறந்த குஞ்சு முதலில் தேடுவதே மற்ற மீன்களின் குஞ்சுகளைத்தான். அசல் வேட்டைக்காரப் பிறவி. சென்னைக்காரருக்கு இது வஞ்சிரம், தூத்துக்குடிக்காரருக்குச் சீலா, குமரிப் பக்கம் நெய்மீன். மலேசியத் தமிழ் வீடுகளிலோ மலாய்ப் பெயரே ஒட்டிக்கொண்டது: தெங்கிரி. அந்த முட்டை மலாக்கா நீரிணையில் மிதப்பதிலிருந்து, ஜோகூரின் மூவார் நகரில் ஓலைக்குள் சுருண்டு கரிநெருப்பில் வாட்டப்படும்வரை அது போகும் வழி வரைபடத்தில் சில கடல் மைல்தான். ஆனால் அந்த வழியில் பனியுகம் உண்டு, சட்டப் புத்தகம் உண்டு, எண்ணெய்க் கப்பல் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சேறு உண்டு.

மூவார்க் கடல் ஆழமற்ற கடல். நீரிணையின் வடமேற்கு வாய் அந்தமான் கடலோடு சேரும் இடத்தில் ஆழம் 200 மீட்டரை எட்டும். தென்கிழக்கே வர வர அடித்தளம் மேலேறிக்கொண்டே வந்து, இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் 27 மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. 37 மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இங்கே கடலே இல்லை. மலாயாவிலிருந்து சுமாத்ராவுக்கு நடந்தே போகலாம். இன்று தெங்கிரி நீந்தும் இடம் அன்று ஆறு ஓடிய சமவெளி. உலகின் மாபெரும் எண்ணெய்க் கப்பல்களுக்கும் இந்த ஆழம்தான் அளவுகோல். இந்த வழியாகப் போக முடிகிற கப்பலின் உச்ச அளவுக்கு மலாக்காமேக்ஸ் என்றே பெயர். அதைவிட ஆழமாக அமிழ்ந்து செல்லும் கப்பல்கள் பாலித் தீவைத் தாண்டி லொம்போக் நீரிணையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

கரையை நெருங்கினால் ஆழம் இன்னும் குறையும். நெகிரி செம்பிலான் மலைகளில் பிறந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவரும் மூவார் ஆறு, தன் வண்டலையெல்லாம் பண்டார் மகாராணி என்றும் அழைக்கப்படும் மூவார் நகரின் வாசலில் கொட்டுகிறது. நகரத்துக்குத் தெற்கே பாரிட் ஜாவா, அதற்கப்பால் பத்து பகாட் என்று நீளும் கரை முழுக்கச் சேற்றுக்கரை. தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். வற்றும்போது கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாம்பல் நிறச் சேறு. பாரிட் ஜாவாவில் அந்தச் சேற்றில் இரை பொறுக்க, மலாய்க்காரர்கள் ‘புரோங் போத்தாக்’ என்று அழைக்கும் வழுக்கைத்தலைப் பெருநாரைகள் வந்து நிற்கும். அவற்றைப் படம் பிடிக்கப் பறவை ஆர்வலர்கள் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறார்கள். கால்வாய் ஓரத்தில் கட்டிய படகுகளோ அடிவயிறு சேற்றில் பதிய, ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் ஏறும்வரை காத்துக் கிடக்கும்.

படகோட்டிக்குத் தொல்லையான இந்தச் சேறுதான் மீனுக்குத் தொட்டில். அலையாத்திக் காடுகளிலிருந்து உதிரும் இலை மக்கி, ஆற்று வண்டலோடு கலந்து, இறாலுக்கும் நண்டுக்கும் சிறுமீனுக்கும் தீனியாகிறது. நெத்திலி, சாளை, கும்பளா என்று கூட்டம் கூட்டமாகச் சிறுமீன்கள் இந்தக் கலங்கல் நீரில் மேய்கின்றன. அவற்றைத் தின்று பெருகுபவன் தெங்கிரி. வளர்ந்த தெங்கிரி தெளிந்த நீரிலும் பாறைத் திட்டுகளின் ஓரத்திலும் திரியும். குஞ்சுப் பருவத்தில் அது கரையோரத்தையும் கழிமுகத்தையும் ஒட்டி வளர்வதை உலகின் பல கடல்களில் பார்த்திருக்கிறார்கள். உப்புக் குறைந்த கலங்கல் நீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வளர்ச்சியும் மின்னல் வேகம்: நல்ல தீனி கிடைத்தால் முதல் ஆண்டிலேயே முழங்கை நீளத்தை எட்டிவிடும்.

பிறகு வெளியே போகிறது. தெங்கிரியின் உடம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது எதற்காகப் பிறந்தது என்று தெரியும். முதுகு நீலம் ஓடிய சாம்பல். விலாவில் மேலிருந்து கீழாக நெளிநெளியாக இறங்கும் வரிகள், பெரிய மீனில் நாற்பதைத் தாண்டும். வாலடியில் மேலும் கீழும் வரிசையாகச் சின்னஞ்சிறு துடுப்புகள். தாடையில் முக்கோண வடிவப் பற்கள். செத்த மீனின் வாயில் விரலை விட்டாலும் கீறும். இந்த மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கும். மூச்சு விடவும் ஓட்டம் வேண்டும்: வாயைத் திறந்தபடி முன்னே பாய்ந்தால்தான் செவுளுக்குள் நீர் போய்க்கொண்டே இருக்கும். பிறந்த நாளிலிருந்து ஓய்வறியாத இந்த ஓட்டம், பின்னால் வலையில் சிக்கும்போது அதன் தலைவிதியை முடிவு செய்யப்போகிறது.

ஆழமற்ற இந்தக் கடலில் ஆழ்கடல் மீன்பிடிப்பு எங்கே தொடங்குகிறது? சட்டம் அதை ஆழத்தால் அளக்கவில்லை, கரையிலிருந்து உள்ள தூரத்தால் அளந்தது. 1980களின் தொடக்கத்தில் மலேசியா வகுத்த மண்டலப்படி, கரையிலிருந்து 5 கடல் மைல் வரை பாரம்பரியக் கருவிகளோடு வரும் சிறு மீனவருக்கு. 5 முதல் 12 வரை 40 டன்னுக்கு உட்பட்ட இழுவைப் படகுகளுக்கும் சுருக்குமடிப் படகுகளுக்கும். 12 முதல் 30 வரை அதைவிடப் பெரிய படகுகளுக்கு. 30 கடல் மைலைத் தாண்டியதுதான் ஆழ்கடல். அங்கே போக 70 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் வேண்டும். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் 1969-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்ட கண்டத்திட்டு எல்லைக்கோடு மூவாருக்கு நேரே ஏறத்தாழ 20 கடல் மைலிலேயே வந்துவிடுகிறது. 30 மைல் போவதற்குள் இந்தோனேசியப் பக்கம் போய்விடுவீர்கள். ஆக, சட்டம் சொல்லும் ஆழ்கடல் மூவார்ப் படகுக்குக் கிடையவே கிடையாது. தெங்கிரிக்கும் மீனவருக்கும் சேர்த்து இருப்பது அந்த 20 மைல் பட்டைதான். அதன் வெளிப்பகுதியில் உலகக் கப்பல்களின் நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆண்டுக்கு 80,000-க்கும் அதிகமான கப்பல் பயணங்கள் நடக்கும் நீரிணை இது. கப்பல்தடத்தில் போகும் கலத்துக்கு மீன்பிடி படகு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பது சர்வதேசக் கடல் விதி. கண்டெய்னர் கப்பலின் வெளிச்சம் தொலைவில் தெரிந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு நகர வேண்டியவர் மீனவர்தான்.

இந்தக் கோடுகள் சும்மா கிழிக்கப்பட்டவையல்ல. 1961 வாக்கில் ஜெர்மானிய உதவியோடு தாய்லாந்து வளைகுடாவில் பரவிய இழுவை மடி, சில ஆண்டுகளில் மலாயாவின் மேற்குக்கரைக்கும் வந்து சேர்ந்தது. அடித்தளத்தை வாரிக்கொண்டு போகும் அந்த மடி, கரையோர மீனவரின் வலைகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. 1964 தொடங்கி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மேற்குக்கரையில் நடந்த மோதல்களில் படகுகள் எரிந்தன, மூழ்கின. 30-க்கும் மேற்பட்ட மீனவர்கள் உயிரிழந்தார்கள். மண்டலக் கோடுகளும், இழுவை மடியின் கடைப்பை வலைக்கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதியும், 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமும் இந்த வரலாற்றின் பின்னணியில் வந்தவை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதுக் கதையாக இருக்காது. பாக் நீரிணையும் இப்படி ஆழமற்ற கடல்தான். பெரும்பகுதி 15 மீட்டரைத் தொடாது. அங்கேயும் எதிர்க்கரை கிட்டத்தில், நடுவில் சர்வதேச எல்லைக்கோடு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு கூடாது என்றது. 2017-இல் இலங்கை இழுவை மடியை அடியோடு தடை செய்தது. அதே ஆண்டு இந்தியா, பாக் நீரிணையின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ராமேஸ்வரத்துக்காரருக்குப் படகை மாற்றிக்கொண்டு வங்கக் கடலின் ஆழத்துக்குப் போக ஒரு வழியாவது உண்டு. மூவார்க்காரருக்கு அந்த வாசலும் இல்லை. தன் ஆழமற்ற கடலைக் காப்பாற்றிக்கொள்வது தவிர அவருக்கு வேறு கதியில்லை.

தெங்கிரிக்குப் போகும் படகு கடிகாரம் பார்த்துக் கிளம்புவதில்லை, தண்ணீர் பார்த்துக் கிளம்புகிறது. தண்ணீர் ஏறி, ஆற்றுவாயின் மண்மேடு மூழ்கிய பிறகுதான் தேக்கோங் எஞ்சினை முடுக்குவார். படகைச் செலுத்துபவரை மீனவர்கள் அழைக்கும் பெயர் அது. ஏற்றவேண்டியவை டீசல், ஐஸ், சோறு, வலை. டீசலுக்கு அரசு மானியம் உண்டு. இருந்தும் செலவில் பெரிய பங்கு அதுதான். தெங்கிரிக்கான வலை செவுள் வலை. மேலே மிதவை, கீழே ஈயக்குண்டு, நடுவே ஏறத்தாழ நான்கு அங்குலக் கண் கொண்ட நைலான் சுவர். பொழுது சாயும் நேரத்தில் நீரோட்டத்துக்குக் குறுக்கே அதை இறக்கி, ஒரு முனையைப் படகில் கட்டிவிட்டு, ஓட்டத்தோடு படகும் வலையும் சேர்ந்து மிதந்துபோக விடுவார்கள். இருட்டில் நெத்திலிக் கூட்டத்தைத் துரத்தும் தெங்கிரி வலையைப் பார்ப்பதில்லை. தலை கண்ணுக்குள் நுழையும். செவுள் மூடியில் நூல் மாட்டும்.

முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. ஓட்டம் நின்றால் மூச்சும் நிற்கும் மீனாயிற்றே. சிறிது நேரத்தில் முடிந்துவிடும். வலையை வாங்கும்போது பல தெங்கிரிகள் உயிரோடு வருவதில்லை. இங்கேதான் இன்னொரு கணக்கு தொடங்குகிறது. நீரிணையின் மேல்மட்ட நீர் 29, 30 டிகிரி வெப்பம். கானாங்கெளுத்தி, சூரை குடும்பத்தைச் சேர்ந்த மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் செத்துச் சூடாகவே கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அது கூடிய மீனைத் தின்றால் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு தடிக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் ஹிஸ்டமின் போகாது; ஐஸில் வைத்தாலும் சேர்ந்தது குறையாது. அதனால் முதல் மணி நேரங்களில் மீனைக் குளிர வைப்பதுதான் மருந்து. உணவுப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்கிறது. தேக்கோங்குக்கு இந்த எண் தெரியவேண்டியதில்லை. வலையை நீண்ட நேரம் ஊறவிடக் கூடாது, வந்த மீனை வெயிலுக்குக் காட்டாமல் நொறுக்கிய ஐஸுக்குள் புதைக்க வேண்டும் என்பது கையோடு வந்த பழக்கம். ஐஸில் கஞ்சத்தனம் பண்ணினால் மீன் கரையில் காட்டிக்கொடுத்துவிடும்.

திரும்பும் வழியில் வானத்தையும் கவனிக்க வேண்டும். கிழக்குக்கரையில் மெர்சிங் பக்கம் ஆண்டு இறுதியின் வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்க வைத்துச் சிறு படகுகளை முடக்கிப்போடும். சுமாத்ராவின் மறைவில் இருக்கும் மூவார்க் கடலுக்கு அந்த உபத்திரவம் குறைவு. அதற்குப் பதிலாக ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எதிர்க்கரையிலிருந்து ஒரு புயல்வரிசை வரும். பெரும்பாலும் விடியலுக்கு முந்திய நேரத்தில். மாலுமிகள் அதை ‘சுமாத்ரா’ என்றே அழைக்கிறார்கள். மேற்கே கருமேகம் சுவர் கட்டி எழும், காற்று ஒரு நொடியில் திசை மாறும், மழை கண்ணை மறைக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். ஆழமற்ற கடலில் காற்று கிளப்பும் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும் என்பதால் சிறு படகுக்கு அந்த ஒரு மணி நேரமே போதும். தப்பி வந்தாலும் ஆற்றுவாயில் தண்ணீர் வற்றியிருந்தால் வெளியே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். வீட்டு விளக்கு தெரியும், கரையேற முடியாது. பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்.

கரையேறியதும் தெங்கிரி எடை ஆகிறது, பிறகு பணம் ஆகிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பது பழைய வழக்கம். வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரியான தவுக்கேயிடமே மீனை விற்கவேண்டிய கட்டு இந்தக் கரைகளில் தலைமுறைகளாக இருந்தது. விலை அவர் சொன்னதுதான். இந்தப் பிடியைத் தளர்த்தும் நோக்கத்தோடுதான் 1971-இல் மலேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் தொடங்கப்பட்டது. மீனவர் சங்கங்கள், மீன் இறங்குதளங்கள், மானிய எண்ணெய் எல்லாம் அதன் வழியாக வந்தவை. தவுக்கேகள் ஒழிந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மீனவருக்குப் போக இன்னொரு கதவு கிடைத்தது, அவ்வளவே.

சந்தையில் தெங்கிரிக்கு இரண்டு முகம். பாத்தாங் என்பது உருண்டு நீண்டது, வரி உள்ளது. பாப்பான் என்பது பட்டையானது, புள்ளி உள்ளது. இரண்டும் வெவ்வேறு இனம். வாங்க வருபவர்களின் பேச்சு இப்படிப் போகும்:

“தம்பி, இது பாப்பானா பாத்தாங்கா?”

“பாத்தாங்தான்க்கா. விலாவப் பாருங்க, வரிவரியா ஓடுது. பாப்பான்னா புள்ளி இருக்கும்.”

“ஐஸ்ல எத்தன நாளாக் கெடக்குது?”

“நேத்து ராத்திரி வலைக்கா. செவுளத் தூக்கிப் பாருங்க, ரத்தம் மாதிரி இருக்கு.”

“சரி, நடுத்துண்டா ஒரு கிலோ போடு. தலைய எறிஞ்சிடாத, கொழம்புக்கு ஆகும்.”

தம்பி சொல்வது எல்லா நாளும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூவாரில் விற்கும் தெங்கிரியெல்லாம் மூவார்க் கடலில் பிடித்ததல்ல. எண்டாவ், மெர்சிங் போன்ற கிழக்குக்கரைத் துறைகளில் இறங்கும் மீனும் ஐஸ் பெட்டியில் ஏறி லாரியில் மேற்கே வரும். ஊர்ப்பெயர் சொல்லி விற்கும் மீனைவிட, கண் குழியாமல், சதை அமுக்கினால் எழும்பி, செவுள் சிவந்திருக்கும் மீனை நம்புவது நல்லது.

அக்கா வீட்டுக்குக் கொண்டுபோன துண்டு மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி எண்ணெயில் பொரியும். தலை புளிக்குழம்பில் கொதிக்கும். பாரிட் ஜாவாவின் கடைகளில் இதே மீன், புளியும் மிளகாயும் கெசும் இலையும் போட்ட அசாம் பெடாஸ் ஆகிறது. ஆனால் மூவார் என்றதும் நாடு முழுக்க நாக்கில் வரும் பெயர் ஓத்தாக்-ஓத்தாக். அதற்குத் தெங்கிரியை இரண்டாகப் பிளந்து, முள்ளை எடுத்து, கரண்டியால் சதையைத் தோலிலிருந்து சுரண்டி எடுப்பார்கள். உப்புப் போட்டு ஒரே திசையில் அடித்துப் பிசைய வேண்டும். உப்பு சதையின் புரதத்தைக் கரைத்து இழுக்க, கலவை பசையாகி, கையில் ஒட்டும் பதத்துக்கு வரும். மீன் சூடேறிப் பழசாகியிருந்தால் அந்தப் பசை சேராது. கடலில் போட்ட ஐஸுக்கு இங்கேதான் பலன். பிறகு மிளகாய் விழுது, மஞ்சள், செராய் என்ற எலுமிச்சைப்புல், தேங்காய்ப்பால் சேரும். அந்தக் கலவையை ஓலைக்கீற்றுக்குள் ஒல்லியாகத் தடவி, இரு முனையையும் குத்தி, கரிநெருப்பில் வாட்டுவார்கள். ஓலை கருகும் வாசனை சதைக்குள் இறங்கும். அந்த ஓலை நீபா மரத்துடையது. நீபா வளர்வது உப்புநீரும் நன்னீரும் கலக்கும் ஆற்றோரச் சேற்றில். தெங்கிரியின் தீனியை வளர்த்த அதே வகைச் சேறுதான் அதைச் சுற்றும் ஓலையையும் வளர்த்திருக்கிறது.

எனவே இந்த மீனின் கதையில் பயப்படவேண்டியது கடலின் ஆழமின்மையைப் பற்றி அல்ல. கரையோரச் சேற்றைக் காலி நிலம் என்று நினைப்பவர்களைப் பற்றி. அலையாத்தியை வெட்டினாலும், இருட்டில் கோட்டைத் தாண்டி வந்து இழுவை மடி போட்டாலும், கரைக்கு அப்பால் மண்ணைக் கொட்டித் தீவு எழுப்பினாலும் முதலில் போவது நெத்திலியும் இறாலும். அவற்றின் பின்னால் தெங்கிரியும் போகும். மூவார்க் கடலில் செயற்கைத் தீவுகள் எழுப்பும் திட்டம் வந்தபோது கரையோர மீனவர்கள் கவலைப்பட்டதன் காரணம் இதுதான். வேறு கடல் தேடிப் போகச் சொல்வதற்கு அவர்களுக்கு வேறு கடல் இல்லை. இருபது மைலில் எல்லை.

வாங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாத்தாங் தெங்கிரி ஒரு முறையாவது முட்டையிட வேண்டுமானால், இடத்துக்கு இடம் மாறினாலும், ஏறத்தாழ 65 முதல் 80 சென்டிமீட்டர் வரை வளர்ந்தாக வேண்டும். கையளவுக் குட்டித் தெங்கிரி விலை மலிவாகக் கிடைக்கிறதென்றால், கரையோரத்தை விட்டு வெளியே போகும் முன்பே யாரோ அதை அள்ளிவிட்டார்கள் என்று பொருள். அதைத் தட்டில் போட்டுவிட்டு, பெரிய தெங்கிரி ஏன் இவ்வளவு விலை என்று கேட்பதில் நியாயமில்லை.